பதினோராவது கூரை

சினிமாக்காரர்கள் செர்வியானாவில் வந்து இறங்கிய நாளிலிருந்து இசோலினாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. அடுப்பில் கிண்டிய களி இரண்டு தரம் அடிப்பிடித்தது. ஐம்பத்தொன்பது வயதில் களியை அடிப்பிடிக்க விட்டவள் என்று பெயர் எடுப்பதற்கு அந்த மலையில் எந்தப் பெண்ணும் ஆசைப்பட மாட்டாள்.

ஊருக்கு மட்டும் ஒரே கொண்டாட்டம். நான்கு லாரி நிறைய விளக்கும் கம்பியும் பெட்டியுமாக ரோமிலிருந்து வந்திருந்தார்கள். யுத்தப் படம். ஜெர்மன்காரன் பிடியில் கிடந்த ஒரு மலையூர், அவனை எதிர்த்து நின்ற சனங்கள். அந்த ஊர் இந்த ஊர்தான், முப்பது வருடத்துக்கு முன்னால் இங்கே நடந்ததுதான் கதை என்று டைரக்டர் சாந்த்ரினி முதல் நாளே கோயில் முற்றத்தில் நின்று அறிவித்துவிட்டார். ஆறே ஆறு நடிகர்கள்தான் வெளியாட்கள். மற்ற எல்லா வேடமும் ஊர்க்காரர்களுக்கு. நாற்பத்து நான்கில் எப்படி இருந்தீர்களோ அப்படியே இருங்கள், போதும் என்றார்.

அதில் ஒரு சிக்கல். ஜெர்மன்காரனாக நடிக்க ஒருத்தரும் முன்வரவில்லை. கடைசியில், உயரமாகப் பிறந்த பாவத்துக்காக, ஓய்வுபெற்ற தபால்காரர் நெல்லோவின் தலையில் அதிகாரித் தொப்பியைக் கவிழ்த்தார்கள். அன்றிலிருந்து மதுக்கடைக்காரன் அவருக்குப் பாதி கிளாஸோடு நிறுத்திக்கொள்கிறான்.

"ஏன்டா, நான் என்ன நிஜமாவா ஜெர்மன்காரன்?"

"படம் முடியட்டும் மாமா. மீதிய அப்புறம் ஊத்துறேன்."

இசோலினாவுக்குக் கிடைத்த வேடம் விதவை. கதையில் ஒரு குடும்பம், காயம்பட்ட மலைப்போராளி ஒருவனைக் கஷ்கொட்டை உலர்த்தும் தங்கள் புகைவீட்டில் ஒளித்துவைக்கிறது. யாரோ காட்டிக்கொடுக்கிறார்கள். போராளியையும் வீட்டுக்காரனையும் முற்றத்தில் நிறுத்திச் சுடுகிறார்கள். அந்த வீட்டுக்காரனின் பெண்டாட்டி அவள். உண்மையிலும் அவள்தான். "உங்களுக்கு நடிப்பே வேண்டாம்மா" என்று டைரக்டர் அவள் கையைப் பிடித்துச் சொன்னபோது அவள் கையை உருவிக்கொண்டாள். அந்த ஊரிலேயே முப்பது வருடமாக ஒருநாள் விடாமல் நடித்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த மலையில் கோதுமை தலை எடுக்காது. கஷ்கொட்டை மரம்தான் வயல், கஷ்கொட்டைதான் சோறு. அக்டோபரில் பொறுக்கிவந்த கொட்டையைப் புகைவீட்டுப் பரணில் கொட்டி, கீழே தரையில் கட்டையை அடுக்கி நெருப்பு வைப்பார்கள். நாற்பது நாள் அது அணையக் கூடாது. தழல் எழும்பவும் கூடாது, புகை நிற்கவும் கூடாது. நடுவில் ஒரு நாள் நெருப்பு செத்தால் கொட்டை வியர்த்துப் பூசணம் பூத்துவிடும். பிறகு அந்த வீட்டுக்கு மாவு இல்லை, பனிக்காலம் முழுக்கக் களி இல்லை. சாவு விழுந்த வீட்டில்கூட ஒருத்தர் போய்க் கட்டையைத் தள்ளிவிட்டு வந்துதான் அழ உட்காருவார்கள்.

நாற்பத்து நான்கு நவம்பரில், மார்பில் குண்டு வாங்கிய ஒருவனை இசோலினாவின் புருஷன் ஒத்தோரினோ கோவேறு கழுதை மேல் போட்டுக் கொண்டுவந்தான். காயம்பட்டவன் லிவோர்னோ துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்து மலைப்போராளியானவன். வீடுகளைத்தான் சோதனை போடுவார்கள், புகை கக்கிக்கொண்டிருக்கும் புகைவீட்டுக்குள் எவன் நுழைவான் என்று, விறகு அடுக்குக்குப் பின்னால் அவனைப் படுக்கவைத்தார்கள். இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். மூன்றாம் நாள் இருமல் வந்துவிட்டது. ஒவ்வொரு இருமலுக்கும் ரத்தம். புகை அவனைக் கொன்றுகொண்டிருந்தது.

"ஒரு நாளைக்கு நெருப்ப அணைச்சிடலாங்க. மூச்சு விடட்டும்" என்றாள் இசோலினா.

"உனக்குப் பைத்தியமா? இந்த மாசத்துல மழை இல்லேன்னா சொல்லு, நம்பறேன். நவம்பர்ல புகை இல்லாத புகைவீடா? அணைக்கவே கூடாது" என்றான் ஒத்தோரினோ.

விடியற்காலையில் அவன் விறகுக்குப் போனான். அவள் தண்ணீரை ஊற்றி அணைத்தாள். ஒரு நாள்தானே என்று நினைத்தாள். அவளுடைய புகைவீடு ஊருக்குக் கீழே சரிவில் இருந்தது. ஊருக்குள் நின்று பார்த்தால் அதன் கூரை தெரியாது. எதிர்மலைப் பாதையிலிருந்து பார்த்தால் உள்ளங்கையில் வைத்தது போலத் தெரியும்.

அந்தப் பாதையில்தான் காலை ஒன்பது மணிக்கு ஒரு ஜெர்மன் ரோந்து போயிற்று. ஜெர்மன்காரனுக்குக் கஷ்கொட்டையைப் பற்றி என்ன தெரியும்? அவன் பாட்டுக்குப் போயிருப்பான். ஆனால் கூட வழிகாட்டியாக, ஜெர்மன்காரனோடு சேர்ந்துகொண்ட பாசிசக் கட்சியின் கருஞ்சட்டைக்காரன் ஒருத்தன் இருந்தான், பக்கத்துப் பள்ளத்தாக்கில் களி தின்று வளர்ந்தவன். பத்து மணிக்கு முற்றத்தில் துப்பாக்கிகள். விறகுக்கட்டோடு திரும்பி வந்த ஒத்தோரினோவையும், மூச்சு விடக் கொஞ்சம் இடம் கிடைத்திருந்த லிவோர்னோக்காரனையும் ஒரே சுவரில் சாய்த்தார்கள். போகும்போது அந்தக் கருஞ்சட்டைக்காரன் மலைப் பேச்சிலேயே அவளிடம் சொன்னான், சிரித்துக்கொண்டே சொன்னான்: "பத்துக் கூரையில புகை வருது. பதினோராவதுல இல்ல. நீங்க மட்டும் கொட்டைய வெயில்லயா காயவைக்கிறீங்க, அக்கா?"

அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். ஊர் ஓடிவருவதற்குள் அவள் புகைவீட்டுக்குள் போய் மறுபடி நெருப்பு மூட்டிவிட்டு வந்தாள். கொட்டை கெட்டுவிடுமே என்றுதான் மூட்டினேன் என்று பிற்பாடு எத்தனையோ தடவை தனக்கே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சில நாள் நம்பினாள், சில நாள் நம்பவில்லை. அழ வந்தவர்கள் பார்த்தபோது கூரையில் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

பிறகு ஊர் கூடி யோசித்தது. யாரோ சொன்னார்கள், அன்று காலை ஆலைக்காரன் தெர்சீலியோ பாலத்தடியில் ஜெர்மன்காரனோடு பேசிக்கொண்டிருந்தான் என்று. வியாழக்கிழமை தோறும் மூட்டை மாவு கொண்டுவந்து தர வேண்டும் என்பது ஜெர்மன்காரன் போட்ட உத்தரவு. அன்று வியாழன். மாவு கொடுக்கப் போனவன் ஆளையும் கொடுத்தான் என்றார்கள். அதற்கு மேல் சாட்சி ஒன்றும் யாருக்கும் தேவைப்படவில்லை. அவள் வாயைத் திறக்கவில்லை. துக்கத்தில் இருக்கிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

செர்வியானாவிலிருந்து ஒரு மூட்டை கொட்டைகூட அதற்குப் பின் அந்த ஆலைக்குப் போகவில்லை. இரண்டு மணி நேரம் கூட நடந்து கீழூர் ஆலையில் அரைத்தார்கள். கதவில் துப்பினார்கள். ஐம்பத்தொன்றாம் வருடம் தெர்சீலியோ செத்தபோது சவப்பெட்டியைத் தூக்க நாலு தோள் கிடைக்கவில்லை. பெண்டாட்டியும், மகள் இல்வாவும், பாதிரியாரும், கீழூர் வண்டிக்காரன் ஒருத்தனும் தூக்கிப்போனார்கள். இசோலினா ஜன்னல் பலகையின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாயும் போனபின் இல்வா தனியாகவே ஆலையை நடத்தினாள், வெளியூர்க்காரர்களுக்காக. இப்போது அவளுக்கு நாற்பத்தைந்து. அவளைக் கட்டிக்கொள்ள அந்த மலையில் யார் வருவார்கள்?

இவ்வளவுதான் நடந்தது. இதில் பாதிதான் படத்தில் இருந்தது, அதுவும் தப்பான பாதி.

நேற்று இசோலினாவின் புகைவீட்டிலேயே அந்தக் காட்சியை எடுத்தார்கள். நெருப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. டைரக்டருக்கு அது போதவில்லை. ஈர இலையைக் கொட்டச் சொன்னார். புகை சுவர் மாதிரி எழும்பியது. லிவோர்னோக்காரனாக நடித்த மிலான் பையன் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய வெளியே ஓடி வந்தான். டைரக்டர் கைதட்டினார்.

கையில் காகித அட்டையோடு ஓடிக்கொண்டிருந்த உதவி டைரக்டர் பெண் லுக்ரேசியாவின் முழங்கையை இசோலினா தொட்டாள்.

"அன்னிக்குப் புகை இல்லம்மா."

"என்னதும்மா?"

"அவன் உள்ள கிடந்தப்போ. புகை இல்ல."

"புகை இல்லாம திரை வெறிச்சுன்னு இருக்கும். டைரக்டருக்குப் புகைன்னா உசிரு" என்றாள் லுக்ரேசியா, அட்டையில் எதையோ டிக் அடித்துக்கொண்டே.

சொல்லியாயிற்று என்று இசோலினாவுக்கு ஒரு ஆறுதல். காதில் யாரும் வாங்கவில்லை என்று அதைவிடப் பெரிய ஆறுதல். இந்த மாதிரி ஆறுதல்களைத் தின்றுதான் அவள் இத்தனை வருடம் உயிரோடு இருந்தாள். ஆனால் லுக்ரேசியா அதோடு விடவில்லை.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஆலைக்கு வந்துடுங்கம்மா. ஊர் மொத்தமும் போய்த் துரோகி கதவுல துப்புற சீன். முதல்ல நீங்கதான் துப்பணும். புருஷனைப் பறிகொடுத்தவங்க இல்லியா?"

"இல்வாவுக்குத் தெரியுமா?"

"ஆலைக்காரம்மாவுக்கா? ஊர் சனமெல்லாம் உங்க வாசல்ல வந்து நிக்கிற சீன்னு சொன்னேன். பாவம், ரொம்பச் சந்தோஷப்பட்டாங்க."

அன்று அவள் தூங்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஊர் வாயில் மட்டும் கிடந்த பொய் இது. ஊர் செத்தால் கூடவே சாகும் என்று நினைத்திருந்தாள். இனி ரோம், மிலான், நேப்பிள்ஸ் என்று எல்லாக் கொட்டகையிலும் ஓடப்போகிறது. தெர்சீலியோ கடைசிவரை துரோகியாகவே இருப்பான். அதற்கு முதல் எச்சில் அவளுடையதாக இருக்கும்.

காலையில் அவள் பக்கத்து வீட்டுக் கோரின்னாவோடு ஆலைப் பாதையில் ஏறினாள். ஊரே பழைய உடுப்பில் முன்னும் பின்னும் நடந்தது. நெல்லோ ஜெர்மன் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இன்றைக்குத் தனக்கு வேலை இல்லை, வேடிக்கை பார்க்கத்தான் வருகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஏன்டி இப்படி ஓடுறே? என்ன, அங்க உனக்குச் சீதனமா வச்சிருக்காங்க?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள் கோரின்னா.

இசோலினா நடையைக் குறைத்தாள். நான்கடி போவதற்குள் மறுபடி வேகமாயிற்று.

"இந்தப் பாதையில வந்து எவ்வளவு காலமாச்சு! முள்ளு மண்டிக் கிடக்கு பாரு. அவ எப்படித்தான் தனியாக் கிடக்குறாளோ. அப்பன் செஞ்சதுக்குப் பொண்ணு என்ன பண்ணுவான்னு நான்கூட அப்பப்போ நினைப்பேன்."

"நினைச்சியா?"

"நினைச்சேன்டி. போகத்தான் இல்ல. நீ என்ன நினைப்பியோன்னு ஒரு இது. உன் புருஷன் ஆச்சே செத்தது."

 தன்னை முன்னிட்டுத்தான் ஒரு ஊரே அந்த வீட்டை விலக்கி வைத்திருந்தது என்பது இசோலினாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் அதை இப்படிப் பாதி வழியில், மூச்சு வாங்கிக்கொண்டு, ஒருத்தி அன்பாகச் சொல்வாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

ஆலை முற்றத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தாள் இல்வா. நீல உடை, அதில் இஸ்திரி மடிப்பு. இரண்டு பலகையைச் சேர்த்துப் போட்டு வெள்ளைத் துணி விரித்து, கஷ்கொட்டை மாவு அடையைச் சுட்டுச் சுட்டு அடுக்கியிருந்தாள். உள்ளே புதுப் பாலாடைக்கட்டி. நாற்பது பேருக்குக் குறையாமல் இருக்கும். விடிவதற்கு எவ்வளவு முன்னால் எழுந்திருந்தாளோ.

"வாங்க, வாங்க. நெல்லோ மாமா, எடுத்துக்குங்க. ஆறிடப்போகுது. அக்கா, நீங்க?"

ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்பத்தான் சாப்பிட்டு வந்தோம் என்றார் ஒருவர். பல்வலி என்றாள் ஒருத்தி. ரோம்காரர்கள் மட்டும் இரண்டிரண்டாக எடுத்துத் தின்றார்கள். இல்வா சிரித்த முகத்தோடே தட்டை இசோலினாவிடம் நீட்டினாள். இசோலினா ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள். அது சூடாக இருந்தது.

"நான் எங்க நிக்கணும்?" என்று லுக்ரேசியாவைக் கேட்டாள் இல்வா.

"நீங்க உள்ள இருங்கம்மா. கதவச் சாத்திக்கிட்டு. கூப்பிடும்போது வரலாம்."

இல்வா உள்ளே போனாள். கதவு சாத்தியதும் டைரக்டர் கூட்டத்தை நிறுத்தி வைத்து, தணிந்த குரலில் விளக்கினார். விதவை முன்னால் வர வேண்டும். கதவைப் பார்க்க வேண்டும். துப்ப வேண்டும். பிறகு ஒவ்வொருவராக.

முதல் தடவை இசோலினா கதவுவரை போய் நின்றாள். வாய் உலர்ந்து கிடந்தது. ஒன்றும் வரவில்லை.

"பரவால்லம்மா. யாராவது தண்ணி குடுங்க" என்றார் டைரக்டர்.

இரண்டாம் தடவை வாய் நிறையத் தண்ணீர் இருந்தது. மென்று விழுங்கிவிட்டாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "பொம்பளைங்களைத் துப்பச் சொன்னா இப்படித்தான். திட்டச் சொல்லுங்க சார், நிறுத்தவே மாட்டாங்க" என்றார் நெல்லோ.

மூன்றாம் தடவை, அவளுக்காகக் காத்திருக்கப் பொறுமையிழந்து, வரிசையில் பின்னால் நின்ற ஒரு கிழவர் தாமே முன்னால் வந்து காறித் துப்பினார். பழகிய வாய். எச்சில் கதவின் நடுப்பலகையில் பட்டு வழிந்தது. டைரக்டர் நிறுத்தச் சொல்வதற்குள் கதவு திறந்தது.

இல்வா வழிந்ததைப் பார்த்தாள். துப்பினவரைப் பார்த்தாள். இஸ்திரி மடிப்பு கலையாமல் அப்படியே நின்றாள்.

"இதான் சீனா?" என்று கேட்டாள்.

லுக்ரேசியா அட்டையைப் புரட்டினாள். டைரக்டர்தான் முன்னால் வந்தார். நல்ல மனிதர்தான், சங்கடப்பட்டார்.

"பாருங்கம்மா, இது படம். படத்துல ஆலைக்காரன் பேரே வேற. உங்கப்பாவைச் சொல்லல நாங்க."

"இந்தக் கதவு எங்கப்பா செஞ்சதுங்க." குரலை உயர்த்தாமல் சொன்னாள். "எங்கப்பா யாரையும் காட்டிக்கொடுக்கல. இதை நான் இவங்ககிட்டச் சொல்லிச் சொல்லி விட்டுட்டேன். நீங்க புதுசா வந்திருக்கீங்க, அதனால ஒருதரம் சொல்றேன்."

"சரிம்மா. ஆனா துரோகி ஒருத்தன் இல்லாம கதை நிக்காதே."

"உங்க கதை நிக்கணும்னா எங்கப்பா விழணுமா?"

  இல்வா திரும்பி இசோலினாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இசோலினா தப்பித்திருப்பாள். இல்லை.

"உங்கமேல எனக்கு வருத்தம் இல்லக்கா. உங்க வீட்ல விழுந்தது ரெண்டு பிணம். யார்மேலயாவது கோபப்படாம உங்களால எப்படி இருக்க முடியும்? நான் உங்க இடத்துல இருந்திருந்தா நானும் துப்பியிருப்பேன்."

இசோலினா கையிலிருந்த அடையைப் பார்த்தாள். விரல் அதில் அழுந்திப் போயிருந்தது. இப்போது சொல்லாவிட்டால் இனி எந்தக் காலத்திலும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. சொன்னால் தனக்கு என்ன ஆகும் என்பதும் தெரிந்தது, ஏனென்றால் அது நேர் எதிரில் நீல உடையில் நின்றுகொண்டிருந்தது.

"அன்னிக்கு என் புகைவீட்ல நெருப்பு இல்ல" என்றாள்.

டைரக்டர் அவளைப் பார்த்து, சரி, அதனால் என்ன என்பது போலத் தலையசைத்தார். லுக்ரேசியா அதை நேற்றே கேட்டுவிட்டதால் அட்டையை விட்டு நிமிரவில்லை. ரோம்காரர்களில் ஒருவன் இன்னொரு அடைக்குக் கை நீட்டினான்.

ஊர்க்காரர்கள் யாரும் அசையவில்லை. அத்தனை பேரும் களி தின்று வளர்ந்தவர்கள். ஒவ்வொரு முகமும் எதிர்மலைப் பாதைக்குப் போய்த் திரும்பி வந்ததை இசோலினா பார்த்தாள்.

"எப்போ அணைஞ்சுது?" என்று கேட்டாள் கோரின்னா. 

"அணையல. நான் அணைச்சேன். விடியக்காலையில. அவன் இருமிக்கிட்டே கிடந்தான். என் வீட்டுக்காரர் அணைக்காதேன்னுதான் சொல்லிட்டுப் போனார்."

"அன்னிக்கு நாங்க வந்தப்போ புகை வந்துச்சேடி. நான் என் கண்ணால பார்த்தேன்."

"அதுக்குள்ள மூட்டிட்டேன்."

"என்ன சொல்றாங்க இவங்க? நெருப்புக்கும் இதுக்கும் என்ன?" என்று டைரக்டர் நெல்லோவின் காதைக் கடித்தார்.

"நவம்பர் மாசம் சார்" என்றார் நெல்லோ. கக்கத்துத் தொப்பி கீழே விழுந்ததை அவர் எடுக்கவில்லை. "எல்லாக் கூரையிலயும் புகை, ஒண்ணுல மட்டும் இல்லன்னா, உள்ள ஆள் இருக்குன்னு பலகையில எழுதி மாட்டின மாதிரி. எந்த மலைக்காரனும் வேற யாரையும் கேக்க வேண்டியதில்ல. பார்த்தாலே போதும்."

"பார்த்தான். ஒரு கருஞ்சட்டைக்காரன். போறப்போ என்கிட்டச் சொல்லிட்டே போனான். சிரிச்சுக்கிட்டு" என்றாள் இசோலினா.

கோரின்னா வாயைப் பொத்திக்கொண்டாள். "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க எதுக்குடி இவங்களை..."

"யாரும் என்கிட்டக் கேக்கல, கோரின்னா. ஆனா கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

இல்வா கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்டபோது மிகவும் சாதாரணமாகக் கேட்டாள், கடையில் சரக்கு எப்போது வந்தது என்று கேட்பது போல.

"எங்கப்பா செத்த அன்னிக்கு இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பெட்டி தூக்கிட்டுப் போறப்போ உங்க ஜன்னல் பலகை கொஞ்சம் திறந்திருந்துச்சு. யாரோ நிக்கிறாங்கன்னு எங்கம்மா சொன்னாங்க. இசோலினா அழறா போல, புருஷன் ஞாபகம் வந்திருக்கும்னு சொன்னாங்க. அப்போ தெரியுமா?"

"தெரியும் இல்வா. அன்னிக்கு முதல்லேருந்தே தெரியும்."

இல்வா தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு முற்றத்தின் நடுவே நடந்துபோய்க் கேமராவின் முன் நின்றாள்.

"இந்த மெஷின் ஓடுதா?"

"இப்ப ஓடலம்மா" என்றான் கேமராக்காரன்.

"ஓட்டுங்க. இந்த அக்கா சொன்னதை முதல்லேருந்து அதுல சொல்லட்டும்."

டைரக்டர் சங்கடத்தோடு கையைப் பிசைந்தார். "அது படத்துல எங்கம்மா சேரும்? ஃபிலிம்..."

"சேருதோ இல்லியோ. என் முற்றம் இது. ஓட்டலேன்னா எல்லாரும் இப்பவே கீழ இறங்குங்க, விளக்கு கம்பி எல்லாத்தோடயும்."

டைரக்டர் கேமராக்காரனைப் பார்த்தார். அவன் கண்ணை வைத்தான். அது ஓடும் சத்தம் அந்த முற்றத்தில் பெரிதாகக் கேட்டது. இசோலினாவுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.  சொன்னாள். பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், நெருப்பை அணைத்ததைச் சொன்னாள், மூட்டியதைச் சொன்னாள். ஆலைக்காரர் தெர்சீலியோவுக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று சொன்னாள். அதோடு நிறுத்திக்கொள்ளப் பார்த்தாள்.

"ஏன் சொல்லல? அதையும் சொல்லுங்க" என்றாள் இல்வா, பக்கத்திலிருந்து.

இசோலினா கேமராவை விட்டுவிட்டு அவளைப் பார்த்துச் சொன்னாள். "புருஷனைக் கொன்னவளுன்னு சொல்லுவாங்கன்னு பயம். முதல்ல அதான். அப்புறம் உன்னை விலக்கி வச்சதைப் பார்த்தப்போ, ஐயோ, இது எனக்கு வந்திருக்க வேண்டியதாச்சேன்னு இன்னும் பயம். உன்னைப் பார்க்கப் பார்க்க என் வாய் இன்னும் இறுகிப் போச்சு."

கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கதவில் துப்பிய கிழவர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு கதவருகே போனார், துடைக்க.

"தொடாதீங்க" என்றாள் இல்வா. அவர் நின்றார். மற்றவர்களும், ஆளுக்கு ஒரு அடி முன்னால் வைத்தவர்கள், நின்றார்கள். "தொடவும் வேண்டாம், உள்ள வரவும் வேண்டாம். நாளைக்குக் கொட்டை மூட்டையத் தூக்கிக்கிட்டு யாரும் வந்துடாதீங்க. இத்தனை காலம் நீங்க வரல. இனிமே நான் விடல."

அவர்கள் போனார்கள். ஒருவர் பின் ஒருவராக, முள் மண்டிய பாதையில் இறங்கினார்கள். கோரின்னா இசோலினாவைக் கடந்து போகும்போது நடையைக் கூட்டினாள். ரோம்காரர்கள் கம்பிகளைச் சுருட்டத் தொடங்கினார்கள். இசோலினா மட்டும் நின்ற இடத்தில் நின்றாள்.

"இல்வா, உன்கிட்ட நான் ஒண்ணு..."

"கேக்காதீங்க" என்றாள் இல்வா. இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "மன்னிப்புதானே? நீங்க கேட்டா நான் குடுத்துத்தான் ஆகணும். எங்கப்பா அப்படித்தான் என்னை வளர்த்தார். அதனால கேக்காதீங்க. எனக்குக் குடுக்க மனசு இல்ல."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. இசோலினா மன்னிப்புக் கேட்கவில்லை. தன்னால் அவளுக்குத் தர முடிந்தது இனி அது ஒன்றுதான் என்று தெரிந்து, திரும்பிப் பாதையில் இறங்கினாள். முன்னால் போனவர்கள் வளைவு தாண்டியிருந்தார்கள். அவளுக்காக யாரும் நிற்கவில்லை.